சிறு குற்றங்களை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருச் சண்டை, குடிபோதையில் கூச்சல், வண்டி மோதல், சிறு திருட்டு, காசோலைத் தகராறு போன்றவற்றில் சிக்கியவர்களும் அவற்றால் பாதிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் முதலில் சென்று நிற்பது தங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில்தான். அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பது குறித்துத் தமிழ்நாட்டு வாசகர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. 1.7.2024 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறைக்கு வந்துள்ளன. படிப்பதற்கு எளிதாக இருக்கும் பொருட்டு முன்னதைப் ‘புதிய தண்டனைச் சட்டம்’ என்றும், பின்னதைப் ‘புதிய நடைமுறைச் சட்டம்’ என்றும் குறிப்பிடுகிறோம். சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்களில், குற்றத்தையும் அதற்கான தண்டனையையும் சொல்பவை முன்னதையும், விசாரணை நடைமுறையைச் சொல்பவை பின்னதையும் சேர்ந்தவை.

‘சிறு குற்றம்’ என்பதற்குச் சட்டத்தில் ஒரே வரையறை உண்டா?

இல்லை. இந்த விஷயத்தில் ஏற்படும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன. காவல் நிலையத்தில் ‘பெட்டி கேஸ்’ (petty case) என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். சட்டமோ ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வோர் அளவுகோலை வைத்திருக்கிறது. நேரில் வராமலேயே தபாலில் அபராதம் கட்டி முடித்துக்கொள்ள வழிசெய்யும் 229ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தைத்தான் சிறு குற்றம் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டக் குற்றங்களை அதில் சேர்க்கவில்லை. சாட்சியத்தின் சாரத்தை மட்டும் பதிவு செய்யும் சுருக்கமுறை விசாரணைக்கான 283ஆம் பிரிவு, 20,000 ரூபாய் மதிப்புக்கு மேற்படாத பொருளின் திருட்டையும் எளிய வழக்குகளோடு வைத்துப் பார்க்கிறது. சமுதாய சேவையைத் தண்டனையாக விதிக்கும் திருட்டுப் பிரிவில் அந்த எல்லை 5,000 ரூபாய்க்குக் கீழே நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்திலோ அதிகபட்சமாக 3 ஆண்டுச் சிறைத் தண்டனை உள்ள குற்றங்கள்கூடச் சிறு குற்றங்களே.

ஆகவே ‘இது சின்ன கேஸ்தானே’ என்று யாராவது சொன்னால், எந்தக் காரியத்திற்குச் சின்னது என்று திருப்பிக் கேட்க வேண்டும். சுருக்கமாக விசாரிக்கத்தக்க வழக்கு என்பதால் அதில் சிறைத் தண்டனையே கிடையாது என்று பொருளல்ல. பிணையில் விடத்தக்க குற்றம் என்பதால் அது பதிவேட்டில் நிற்காது என்றும் பொருளல்ல.

எங்கள் பகுதியில் இத்தகைய வழக்குகளை விசாரிப்பவர் யார்?

குற்றவியல் நீதித்துறை நடுவர், அதாவது பேச்சு வழக்கில் ‘ஜே.எம். கோர்ட்’ என்று சொல்லப்படும் நீதிமன்றத்தின் நீதிபதி. பல வட்டத் தலைநகரங்களில் சொத்து வழக்குகளையும் குற்ற வழக்குகளையும் ஒரே நீதிபதியே கவனிக்கிறார். அந்த நீதிமன்றத்தின் பெயர்ப் பலகையிலேயே மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் என்று இருக்கும். ஒவ்வொரு காவல் நிலையத்தின் எல்லையும் இன்ன நடுவர் நீதிமன்றத்தோடு சேர்ந்தது என்று முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதால், சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தது என்று தெரிந்தால் நீதிமன்றமும் தெரிந்துவிடும். நடுவர்களுக்கு மேலே மாவட்டத்திற்கு ஒரு தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரும், அவருக்கு மேலே அமர்வு நீதிபதியும் இருக்கிறார்கள். சென்னையில் எழும்பூர், ஜார்ஜ் டவுன், சைதாப்பேட்டை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பெருநகர நடுவர் நீதிமன்றங்கள் என அறியப்பட்டவை; புதிய நடைமுறைச் சட்டம் பெருநகர நடுவர் என்ற தனி வகையை வைத்துக்கொள்ளவில்லை.

நடுவர் எவ்வளவு தண்டனை விதிக்கலாம்?

புதிய நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்து, அல்லது சமுதாய சேவை விதிக்கலாம். இரண்டாம் வகுப்பு நடுவருக்கு 1 ஆண்டும் 10,000 ரூபாயும் எல்லை. பழைய சட்டத்தில் இந்த அபராத எல்லைகள் முறையே 10,000 ரூபாயாகவும் 5,000 ரூபாயாகவும் இருந்தன. தலைமைக் குற்றவியல் நடுவர் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

7 ஆண்டு வரை தண்டனை உள்ள மோசடி வழக்கு எங்கள் ஊர் முதல் வகுப்பு நடுவரிடமே நடக்கிறது. அவருக்கு 3 ஆண்டு அதிகாரம்தானே? இது சரியா?

சரிதான். விசாரிக்கும் அதிகாரமும் தண்டிக்கும் அதிகாரமும் ஒன்றல்ல. எந்தக் குற்றத்தை எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதைப் புதிய நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணை முடிவு செய்கிறது. அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் குற்றம், தண்டனை, காவல்துறை பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா, பிணையில் விடத்தக்கதா ஆகியவற்றை அடுத்து, கடைசிப் பத்தியில் விசாரிக்கும் நீதிமன்றம் எது என்று எழுதியிருக்கும். புதிய தண்டனைச் சட்டத்தின் 115(2), அதாவது வேண்டுமென்றே காயம் ஏற்படுத்துதல், ‘எந்த நடுவரும்’ என்ற வகையில் வருகிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான 106(1)இல் 5 ஆண்டு வரை தண்டனை இருந்தும், அது முதல் வகுப்பு நடுவரிடம் வருகிறது. ஏமாற்றிப் பொருளைப் பெறுவதற்கான 318(4)இல் 7 ஆண்டு வரை தண்டனை இருந்தும் அதுவும் அவரிடமே வருகிறது.

விசாரணை முடிவில் எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றவாளி என்று கண்ட நடுவர், தம்மால் தரக்கூடிய 3 ஆண்டு போதாது என்று கருதினால், தம் கருத்தைப் பதிவு செய்து வழக்கை 364ஆம் பிரிவின்கீழ்த் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பிவைப்பார். குற்றம் அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கத்தக்கது என்றால் கதையே வேறு. அப்போது நடுவர் சாட்சி விசாரணைக்குள் போகாமல் வழக்கை 232ஆம் பிரிவின்கீழ் அமர்வு நீதிமன்றத்திற்கு ஒப்படைக்க வேண்டும்.

சம்பவம் ஓர் ஊரில், எதிரி வேறு ஊரில், நான் மூன்றாவது ஊரில் இருக்கிறேன். வழக்கு எங்கே நடக்கும்?

குற்றம் நடந்த இடத்து நீதிமன்றத்தில் என்பது 197ஆம் பிரிவு சொல்லும் பொது விதி. எதிரி எங்கே குடியிருக்கிறார், புகார்தாரருக்கு எது வசதி என்பன பொதுவாகக் கணக்கில் வருவதில்லை. ஆனால் எல்லாக் குற்றங்களும் ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடிவதில்லை என்பதால், அடுத்து வரும் பிரிவுகள் அந்த விதியை விரிக்கின்றன. எந்த எல்லைக்குள் நடந்தது என்பதே உறுதியாகத் தெரியாவிட்டாலும், பல எல்லைகளில் தொடர்ந்து நடந்தாலும், அவற்றுள் எந்த எல்லையின் நீதிமன்றமும் விசாரிக்கலாம். செயல் ஓரிடத்திலும் அதன் விளைவு வேறிடத்திலும் நேர்ந்தால் இரண்டு இடங்களிலும் அதிகாரம் உண்டு. தொலைபேசியிலோ மின்னணுத் தகவல் வழியாகவோ ஒருவரை ஏமாற்றியிருந்தால், தகவல் அனுப்பப்பட்ட இடத்திலும் அது வந்து சேர்ந்த இடத்திலும் வழக்கை நடத்தலாம் என்கிறது 202ஆம் பிரிவு. ஓடும் ரயிலிலோ பேருந்திலோ நடந்த குற்றத்தை, அந்தப் பயணத்தின்போது எந்தெந்த எல்லைகள் வழியாகச் சென்றார்களோ அவற்றுள் எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாம்.

இதில் வழக்காடுபவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இடம் மாறி நடந்த விசாரணையும் அதிகாரமே இல்லாதவர் நடத்திய விசாரணையும் சட்டத்தின் பார்வையில் சமமல்ல. விசாரிக்கச் சட்டம் அதிகாரம் தராத நடுவர் ஒரு குற்றத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னால், 507ஆம் பிரிவின்படி அந்த நடவடிக்கை செல்லாததாகிவிடும். ஆனால் தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று தவறான மாவட்டத்தில் அல்லது தவறான எல்லையில் விசாரித்துவிட்டது என்பதற்காக மட்டுமே தீர்ப்பு ரத்தாகாது; அதனால் நீதி தவறியது என்று காட்டினால்தான் ரத்தாகும் என்கிறது 508ஆம் பிரிவு. எனவே எல்லை குறித்த ஆட்சேபத்தைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொண்டு மேல்முறையீட்டில் எடுத்துவிடலாம் என்று காத்திருப்பது பெரும்பாலும் பலனளிக்காது. முதல் வாய்தாக்களிலேயே மனுவாகப் போட்டுவிட வேண்டும்.

‘எங்கள் லிமிட் இல்லை’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பலாமா?

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமென்றால் அனுப்பக் கூடாது. குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 173ஆம் பிரிவு இப்போது வெளிப்படையாகவே சொல்கிறது. பதிவு செய்துவிட்டு, உரிய நிலையத்திற்கு மாற்றிக்கொள்வது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் தகவல் தந்திருந்தால் 3 நாள்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியிலும் இதே போக்கைக் காணலாம். அவர் அந்த வழக்கை விசாரிக்கும் எல்லை அதிகாரம் உள்ள நடுவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அருகில் உள்ள நடுவர் போதும். காவலில் வைப்பதா, பிணையில் விடுவதா என்பதை அவர் பார்ப்பார். பின்னர் வழக்கு உரிய நீதிமன்றத்திற்குப் போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் அடித்துவிட்டார். காவல் நிலையத்தில் ரசீது மட்டும் கொடுத்துவிட்டு, ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். ஏன்?

சாக்கடை நீர் வாசலில் தேங்கியது குறித்து இரு வீட்டார் வாக்குவாதம் செய்து, ஒருவர் மற்றவரைக் கன்னத்தில் அறைந்து, ‘உன்னைத் தொலைத்துவிடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனதாக வைத்துக்கொள்வோம். அறைந்தது 115(2)இல் வரும். 1 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மிரட்டியது 351(2)இல் வரும். 2 ஆண்டு வரை சிறை. இவை இரண்டும் முதல் அட்டவணையில் பிடியாணை இருந்தால்தான் கைது செய்யத்தக்க குற்றங்கள். அத்தகைய குற்றத்தை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாது என்கிறது 174ஆம் பிரிவு. தகவலைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, புகார்தாரரை நடுவரிடம் அனுப்புவதே அங்கே சட்டப்படியான வழி. ஆகவே ரசீது கொடுத்து அனுப்பியது எப்போதும் தட்டிக்கழிப்பு ஆகாது.

ஆனால் அதே பிரிவு, பல குற்றங்களில் ஒன்றாவது பிடியாணை வேண்டாக் குற்றமாக இருந்தால் முழு வழக்கையும் அப்படியே கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டுத் தெருச் சண்டை வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் ‘தகாத வார்த்தைகளால் திட்டி’ என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து. பொது இடத்தில் ஆபாசச் சொற்களைப் பேசுவதற்கான 296(b), பழைய 294(b), பிடியாணை வேண்டாக் குற்றம். அதைச் சேர்த்தால் வழக்கே புலனாய்வுக்குரியதாகிவிடுகிறது. வெறும் வசைச் சொல் ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல், தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. இருந்தும் அந்த வாக்கியம் மறையவில்லை.

காவல்துறை வழி அடைபட்டால், 223ஆம் பிரிவின்கீழ் நடுவரிடம் நேரடியாகத் தனிப் புகார் தாக்கல் செய்யலாம். நடுவர் புகார்தாரரையும் சாட்சிகளையும் பிரமாணத்தின் பேரில் விசாரிப்பார். எதிரிக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் புகாரைக் கோப்பில் எடுக்கக் கூடாது என்பது புதிய சட்டம் கொண்டுவந்த மாற்றம்; எனவே முன்பைவிடச் சற்றுக் காலம் பிடிக்கும்.

நடுவர் நீதிமன்றத்தில் சிறு வழக்குக்கு ஆஜராகும் நாளில் என்ன நடக்கும்? அபராதம் கட்டி முடித்துக்கொள்வது நல்லதுதானா?

தமிழ்நாட்டு நடுவர் நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ‘எஸ்.டி.சி.’ (சுருக்கமுறை விசாரணை வழக்கு) என்ற எண்ணிலும், குற்றப்பத்திரிகை மீதான ஏனைய வழக்குகள் ‘சி.சி.’ என்ற எண்ணிலும் கோப்பில் இருக்கும். பெயர் அழைக்கப்பட்டதும் எதிரி கூண்டருகே சென்று நிற்க வேண்டும். குற்றச்சாட்டின் சாரம் வாசிக்கப்படும். ஒப்புக்கொள்கிறீர்களா என்று நடுவர் கேட்பார். ‘ஆமாம்’ என்றால் அபராதத் தொகை சொல்லப்படும். அதை நீதிமன்ற அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கியதும் வழக்கு முடிந்துவிடும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்ததற்கான 355ஆம் பிரிவு வழக்கு இப்படி ஓரிரு நிமிடங்களில் முடியக்கூடும்; அதற்குரிய உச்ச தண்டனை 24 மணி நேர வெறுங்காவல், 1,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்த்து, அல்லது சமுதாய சேவை.

அந்த ‘ஆமாம்’ ஒரு தண்டனைத் தீர்ப்பு என்பதைத்தான் பலரும் அந்த நேரத்தில் யோசிப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் கேட்க முடியாது. அரசு வேலைக்கான நன்னடத்தைச் சரிபார்ப்பில் இது வெளிவரும். 2016இல் உச்ச நீதிமன்றம், அற்பமான குற்றங்களை வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. ஆனால் விண்ணப்பத்தில் கேட்டும் மறைத்தால் சிக்கல் கூடும். கடவுச்சீட்டுக்கோ, வழக்கு நிலுவையில் இருப்பதே தடையாகலாம். அப்போது நீதிமன்ற அனுமதி பெற்று விண்ணப்பிக்க வழியுண்டு.

செய்யாத குற்றத்தை, ‘வாய்தாவுக்கு அலைய முடியாது’ என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய சட்டத்தின் 274ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ள ஒரு வரி இங்கே உதவும்: குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று கருதினால் நடுவர் காரணம் எழுதி அந்த நிலையிலேயே எதிரியை விடுவிக்க வேண்டும். உண்மையாகவே தவறு செய்து ஒப்புக்கொள்பவர், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரிக்கையோடு அல்லது பிணைப் பத்திரத்தோடு விடுவிக்கும்படி கேட்கலாம். அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனைத் தீர்ப்பால் தகுதியிழப்பு எதுவும் ஏற்படாது என்கிறது அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு. கேட்டால்தான் கிடைக்கும், கேட்பவர்கள் குறைவு.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

சுருக்கமுறை விசாரணையில் எதிரிக்கு என்ன பாதுகாப்பு?

சாட்சியத்தை முழுமையாக எழுதாமல் சாரத்தை மட்டும் பதிவு செய்யும் முறை என்பதால், அதற்கு ஈடாகத் தண்டனைக்கு உச்ச வரம்பு உண்டு. சுருக்கமாக விசாரித்த வழக்கில் 3 மாதத்திற்கு மேல் சிறை விதிக்க முடியாது. 20,000 ரூபாய்க்கு மேற்படாத திருட்டு, திருட்டுப் பொருளை வாங்கி வைத்திருத்தல், வேண்டுமென்றே அவமதித்தல், மிரட்டல் போன்றவற்றை இப்படித்தான் விசாரிக்க வேண்டும். 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள ஏனைய குற்றங்களை, எதிரியின் கருத்தைக் கேட்டு, காரணம் எழுதி, நடுவர் இவ்வழியில் விசாரிக்கலாம்.

5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டுக்குச் சிறை இல்லையா?

முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், 303(2)இன்படி சமுதாய சேவைதான் தண்டனை. சமுதாயத்திற்குப் பயன்படும் வேலையை ஊதியமின்றிச் செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடும். இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் வழக்கமான தண்டனைக்குப் போய்விடும். இரண்டாவது முறை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்தது 1 ஆண்டுக் கடுங்காவல் உண்டு.

போக்குவரத்து அபராதங்களுக்கும் நீதிமன்றத்திற்குத்தான் போக வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் இல்லை. தலைக்கவசம் அணியாதது போன்றவற்றை மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவின்கீழ் அதிகாரியிடமே தொகை கட்டி முடித்துக்கொள்ளலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான 185ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வழக்கு நடுவரிடம்தான் போகும். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

காசோலை திரும்பிய வழக்கை எங்கே தொடுப்பது?

உங்கள் கணக்கின் வழியாகக் காசோலையை வசூலுக்குப் போட்டிருந்தால், உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த எல்லையின் முதல் வகுப்பு நடுவரிடம். காசோலை கொடுத்தவரின் வங்கி உள்ள ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2015இல் வந்த சட்டத் திருத்தம் மாற்றிவிட்டது. பழைய தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு இன்னும் வெளியூருக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்து அல்லது வட்டாட்சியர் இவற்றை விசாரித்து அபராதம் போடலாமா?

ஊர்ப் பஞ்சாயத்துக்குக் குற்ற வழக்கில் எந்த அதிகாரமும் இல்லை. கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 2011இல் ஆறுமுக சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, அவற்றை ஒடுக்கும்படி நிர்வாகத்திற்கு உத்தரவிட்டது. வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் நிர்வாகத் துறை நடுவர்கள். பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவதும், பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடுவதும் அவர்கள் வேலை. பழைய சட்டத்தின் எண்ணால் ‘107 கேஸ்’ என்று இன்றும் அழைக்கப்படும் நடவடிக்கை இப்போது 126ஆம் பிரிவு. அது தடுப்பு நடவடிக்கையே தவிர, குற்றத்திற்கான தண்டனை அன்று.

இருவரும் சமாதானமாகிவிட்டோம். வழக்கு தானாக முடிந்துவிடுமா?

தானாக முடியாது, நடுவரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். 359ஆம் பிரிவின் பட்டியலில் உள்ள குற்றமென்றால், சமரசம் பதிவானதும் எதிரி விடுதலை பெற்றவராகிறார். மேலே சொன்ன சாக்கடைத் தகராறில் காயம், மிரட்டல் இரண்டையும் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். ஆனால் அதில் 296(b)யும் சேர்க்கப்பட்டிருந்தால், அது பட்டியலில் இல்லை என்பதால் வழக்கு அந்த ஒரு பிரிவோடு தொங்கிக்கொண்டு நிற்கும். மக்கள் நீதிமன்றத்திலும் சமரசத்திற்கு இடமில்லாத குற்றத்தை முடிக்க இயலாது. மீதிப் பிரிவுகளை ரத்து செய்யக் கோரி 528ஆம் பிரிவின்கீழ்ச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். ஒரு கன்னத்து அறைக்காக உயர் நீதிமன்றம் வரை போக நேர்வது இப்படித்தான்.

எவ்வளவு காலத்திற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்?

அபராதம் மட்டும் உள்ள குற்றத்திற்கு 6 மாதம். 1 ஆண்டு வரை சிறை உள்ளவற்றுக்கு 1 ஆண்டு. அதற்கு மேல் 3 ஆண்டு வரை உள்ளவற்றுக்கு 3 ஆண்டு. காலக்கெடு கடந்தால் நடுவர் வழக்கைக் கோப்பில் எடுக்கக் கூடாது; தாமதத்திற்குத் தகுந்த காரணம் காட்டினால் பொறுத்தருளலாம். புகார் தாக்கலான நாளைத்தான், அல்லது காவல் நிலையத்தில் தகவல் பதிவான நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 514ஆம் பிரிவே இப்போது விளக்கிவிட்டது. நீதிமன்றம் தாமதமாகக் கோப்பில் எடுத்ததற்குப் புகார்தாரர் பொறுப்பாக மாட்டார்.

17 வயதுப் பையன் மீது புகார் வந்தால்?

18 வயது நிறையாதவரை நடுவர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்க வேண்டும். சிறு குற்றமாக இருந்து, முதல் 4 மாதத்திலும் நீட்டிக்கப்பட்ட காலத்திலும் விசாரணை முடியாவிட்டால், நடவடிக்கை அத்துடன் முடிந்துபோகும்.

சம்பவம் 2024 ஜூன் மாதம் நடந்தது. எந்தச் சட்டம் பொருந்தும்?

குற்றமும் தண்டனையும் இந்தியத் தண்டனைச் சட்டப்படிதான். 1.7.2024க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய நடைமுறையிலேயே தொடரும் என்கிறது 531ஆம் பிரிவு.

நடுவரின் தீர்ப்பை எதிர்த்து எங்கே போகலாம்?

தண்டனை விதிக்கப்பட்டால் 30 நாள்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் முதல் வகுப்பு நடுவர் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்திருந்தாலும், சுருக்கமுறை விசாரணையில் 200 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதிக்கப்பட்டிருந்தாலும் மேல்முறையீடு இல்லை என்கிறது 417ஆம் பிரிவு. வேறு பல பண எல்லைகளை உயர்த்திய புதிய சட்டம், இந்த 100 ரூபாயையும் 200 ரூபாயையும் பழைய சட்டத்தில் இருந்தபடியே விட்டுவைத்திருக்கிறது. இன்றைய அபராதங்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுவதால், அந்தத் தடை குறுக்கே வருவது அரிது. அப்படி வந்தாலும், தீர்ப்பில் சட்டப் பிழையோ முறைகேடோ இருந்தால் அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ சீராய்வு மனு தாக்கல் செய்யலாம்.